பெட்டிக்காரர் ஓட்டுக் கேட்கப் போனார்

மூலக்காட்டூர் சட்டமன்றத் தொகுதியில் சென்னியப்பன் கால் வைக்காத வீடு கிடையாது. அதை நம்பித்தான் அவர் தேர்தலில் நின்றார். எந்த மாதிரி நாளில் கால் வைத்தார் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்.

குளிர்பெட்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கெடாமல் வைத்திருக்கும், கண்ணாடி மூடி போட்ட பெட்டி. ஆரம்பத்தில் அவர் பந்தலும் நாற்காலியும்தான் வாடகைக்கு விட்டார். கல்யாணம், காதுகுத்து, புண்ணியார்ச்சனை என்று ஓடிக்கொண்டிருந்த ஆள். ஒரு சித்திரை மாத வெயிலில் அவருடைய அப்பா இறந்தார். சோடாக் கம்பெனியில் ஐஸ் பாளம் வாங்கி, உமி கொட்டி, எவ்வளவோ செய்தும் பம்பாயிலிருந்து அக்கா வந்து சேர்வதற்குள் முகம் மாறிவிட்டது. "இது எங்கப்பனே இல்ல" என்று அக்கா வாசலில் நின்று கத்தியதைக் கேட்டவர், காரியம் முடிந்த கையோடு கோயமுத்தூர் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார். இனி இந்த ஊரில் யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது என்பதுதான் எண்ணம்.

யாருக்கும் நடக்கவில்லை. ஆனால் அதோடு கல்யாண ஆர்டர்களும் நின்றுபோயின. கல்யாணத்துக்குச் சிவப்பு நாற்காலி, எழவுக்கு நீல நாற்காலி என்று பிரித்து வைத்துப் பார்த்தார். சிவப்பு நாற்காலிகளில் ஒட்டடை படிந்தது. ஊர் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் வைத்து, மரியாதையோடு ஒதுக்கி வைத்தது. எதிரில் வந்தால் வணக்கம் சொல்வார்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் தூரத்திலிருந்து சொல்வார்கள்.

அவருக்கு இது பழகிவிட்டது. பழகாதது அவர் மனைவி துளசிமணிக்குத்தான்.

அந்தத் தை மாதம் அவளுடைய சொந்த அண்ணன் பொங்கியண்ணன் வீட்டில் மகளுக்குக் கல்யாணம். ஊரில் ஒரு வீடு விடாமல் தட்டு வைத்து அழைத்தார்கள். தங்கைக்குப் போன் வந்தது.

"தப்பா நெனைச்சுக்காத சாமி. சம்பந்தி ஊட்டுக்காரங்க கொஞ்சம் சகுனம் பாக்கறவிய. நீயும் மாப்ளயும் சாயங்காலம் ரிசப்சனுக்குச் சாப்பாட்டு நேரமாப் பாத்து வந்துட்டுப் போயிருங்."

"செரிண்ணா" என்றாள் துளசிமணி. கட்டிலில் எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையை மறுபடி பீரோவுக்குள் வைத்தாள். பிறகு போய் உளுந்து ஊறப் போட்டாள். அவள் அழுதிருந்தால் சென்னியப்பனுக்குச் சட்டமன்ற ஆசை வந்திருக்காது. அழுகிறவர்களைச் சமாளிப்பது அவருடைய தொழில். அழாதவர்களிடம்தான் அவருக்குக் கை ஓடாது.

மறுநாள் டீக்கடையில் மயில்ராசுவிடம் வாய்தவறி இதைச் சொன்னார். மயில்ராசு முன்னாள் கவுன்சிலர். எல்லாக் கட்சியிலும் இருந்து பார்த்துவிட்டு, இனிச் சேர ஒன்றும் மிச்சமில்லாமல் சும்மா இருந்தவர்.

"எம்.எல்.ஏ. ஊட்டுக்குத் தட்டு வெக்காத கல்யாணம் எங்காச்சும் உண்டுங்களாண்ணா? பூனைக்குக் காது குத்துனாலும் பத்திரிகைல மொதப் பேரு அவிய பேருதான். தாலி எடுத்துக் குடுக்கறதே அவிய கையிதான். அந்தக் கை என்னென்ன பண்ணிருக்குதுன்னு ஊருக்கே தெரியும். ஆராச்சும் சகுனம் பாக்கறாங்களா?"

சென்னியப்பன் டீயைக் கீழே வைத்தார்.

"நீங்க நில்லுங்ண்ணா, சுயேச்சையா. தொகுதில உங்க காலு படாத ஊடு இருக்குதுங்களா? ஒவ்வொரு ஊட்லயும் உங்களக் கையெடுத்துக் கும்புட்டிருக்கறாங்க. அந்த நன்றியில பாதி ஓட்டா விழுந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது துளசிமணி தோசைக்கல்லிலிருந்து தலையைத் திருப்பாமல், "உங்குளுக்கு எதுக்குங் இந்த வேல?" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு நாளைக்காச்சும் நம்ம வாசல்ல வந்து, தட்டு வெச்சு, துளசியக்கா அவசியம் வந்துரோணும்னு சொல்லோணும். அதுக்குத்தான்."

அன்றைக்கு அவருக்கு ஒரு தோசை கூடுதலாக விழுந்தது.

சின்னம் ஒதுக்கிய நாளிலேயே சனி பிடித்தது. அவர் எழுதிக் கொடுத்தது பலாப்பழமும் பம்பரமும். இரண்டையும் வேறு ஆட்கள் குலுக்கலில் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்ததில் அவருக்கு விழுந்தது குளிர்சாதனப் பெட்டி. பேர்தான் அப்படி, படத்தில் இருப்பது வீட்டு ஃப்ரிட்ஜ். 'உங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார் சென்னியப்பன்! உங்கள் சின்னம் குளிர்சாதனப் பெட்டி!' என்று மைக்கில் அலறிக்கொண்டு வண்டி ஒரு தெருவுக்குள் திரும்பினால், அந்தத் தெருவில் பட்பட்டென்று கதவுகள் சாத்தப்பட்டன.

"ஃப்ரிட்ஜு வேற, பொட்டி வேறங்ண்ணா. சனங்களுக்குத் தெரியும்" என்றார் மயில்ராசு.

"சனங்களுக்குத் தெரியும் மயிலு. கதவுக்குத்தான் தெரியல போல."

திறந்த வீடுகளிலும் சிக்கல்தான். இரண்டாம் நாளே மயில்ராசு அவரைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணா, ஊட்டுக்குள்ள போனா மனுசங்க மூஞ்சியப் பாருங்க. செவுத்தப் பாக்காதீங்க."

"நான் எங்க செவுத்தப் பாத்தேன்?"

"பிளக்குப் பாயிண்டப் பாக்கறீங்ண்ணா! போன ஊட்லல்லாம் பாத்தீங்க. நடு ஊட்ல நின்னு, வாசக்கால் அகலத்தையும் ஒரு பார்வ பாக்கறீங்க. இப்பப் போன ஊட்டம்மா பயந்துட்டு அவிய மாமியாள உள்ளரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க!"

உண்மைதான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பெட்டியை எங்கே வைப்பது, மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்று கண் தானாகப் போய்விடும். அன்றிலிருந்து சுவரைத் தவிர்த்து மாலை போட்ட படங்களைப் பார்த்து வைத்தார். அதுவும் சரிப்படவில்லை. படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அவர் பெட்டியில் இருந்துவிட்டுப் போனவர்கள்.

விடைபெறுவது அதைவிடப் பெரிய பாடு. எழவு வீட்டில் யாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அவர் வருஷக்கணக்காக வாயே திறக்காமல் கிளம்பிப் பழகியவர். ஓட்டுக் கேட்ட வீட்டிலும் அப்படியே கிளம்பினார். எழவு வீட்டிலிருந்து போகிற மாதிரி போகிறாரே என்று பேச்சு வந்தது. அடுத்த வீட்டில் திருத்திக்கொண்டு, "போயிட்டு வரேனுங்க" என்றார். அந்த வீட்டு அம்மாள், "எதுக்குங்?" என்று கேட்டுவிட்டாள்.

மயில்ராசு ஏற்பாடு செய்த ஆரத்திப் பெண்கள் மற்ற வேட்பாளர்களுக்கு எடுத்த கையோடு கலைந்து போய்விடுவார்கள். ஒரே ஒரு ஊரில் ஒருத்தி சிரித்த முகத்தோடு பொட்டு வைத்தாள். சென்னியப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. வண்டி கிளம்பியதும் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். அவர் நின்ற இடத்தில் அவள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. கோலம் போடுவதற்குத் தெளிப்பதுபோல, கைப்பழக்கமாக.

இதை அவர் துளசிமணியிடம் சொல்லவில்லை. அவள் தினமும் சாயங்காலம், "எப்பிடிங் இருக்குது?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்குது" என்றார். அவள் வாசற்படிக்குப் புதுசாக மஞ்சள் பூசியிருப்பதை அவர் பார்த்தார். வருகிறவர்கள் மிதித்து வருவதற்கு.

ஒருவர் மட்டும் அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. காரத்தோட்டத்து ஆறுக்குட்டிப் பெரியவர். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் நீர் கோத்துப் படுக்கையில் கிடந்தார். வேட்பாளர் என்றால் நோயாளியை விசாரிக்க வேண்டும் என்று மயில்ராசு உள்ளே தள்ளிவிட்டார். கட்டிலைச் சுற்றி மகன் சிவசாமி, மருமகள் மரகதம், ஒரு பேத்தி.

"வாப்பா சென்னியப்பா" என்றார் பெரியவர். "ஓட்டுக்கா வந்தே, இல்ல எனக்கா?"

"ஓட்டுக்குத்தானுங் பெரியப்பா."

"ரெண்டும் ஒண்ணாப் பாத்துட்டுப் போயிரு. மறுக்கா எதுக்கு அலையறே? பிளக்கு அந்தக் கதவு மூலைல இருக்குது பாரு."

"அப்பா, சும்மாருங்க!" என்று சிவசாமி அதட்டினார்.

சென்னியப்பன் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். கண் அதற்குள் மூலைக்குப் போய்விட்டது. கண்ணோடு வாயும் போய்விட்டது. "இது தாங்காதுங் பெரியப்பா. அஞ்சு ஆம்பியருதான். பதினஞ்சு போடோணும்."

மரகதம் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். படுக்கையில் கிடந்தவர் மட்டும் இருமலும் சிரிப்புமாகக் குலுங்கினார்.

"பாருங்கடா! ஓட்டுக் கேக்க வந்தவங்கள்ல இவனொருத்தன்தான் நெசத்தப் பேசறான்!"

பிரசாரத்தின் கடைசி நாள் காலையில் ஆறுக்குட்டி இறந்துபோனார். மத்தியானத்துக்குள் தொகுதி முழுவதும் சேதி பரவியது. பெட்டிக்காரர் வந்தார், பிளக்கைப் பார்த்தார், ஆள் போய்விட்டார். எதிர்க் கட்சிகள் எதுவும் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் கடைவீதியில் முடிவு ஊர்வலம். தேர்தல் முடியும்வரை பெட்டியை வெளியே எடுக்கவே கூடாது என்று மயில்ராசு கறாராகச் சொல்லி, அதைக் கோடவுனில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். பெட்டி ஏற்றுகிற வண்டிதான் பிரசார வண்டி. இருபுறமும் தட்டி கட்டி, கைகூப்பிச் சிரிக்கும் சென்னியப்பன். சிவசாமி அவரைக் கூப்பிடவில்லை. வெளியூரில் ஒரு பெட்டி சொல்லி வரவழைத்தார். அது வந்து, அரை மணி நேரம் உறுமி, சூடாகி நின்றுபோயிற்று. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பெரியவரின் மகள் மஸ்கட்டிலிருந்து மறுநாள்தான் வந்து சேர முடியும்.

போன் சென்னியப்பனுக்கு வரவில்லை. துளசிமணிக்கு வந்தது.

"அக்கா, நான் காரத்தோட்டத்து மரகதமுங். எங்கூட்டுக்காரரு ரோசத்துல கூப்பிட மாட்டேங்கறாரு. எங்க நாத்தனாரு போன்ல அழுவுதுங்க்கா, அப்பா மொகத்த மட்டும் எப்பிடியாச்சும் வெச்சிருங்கன்னு…"

துளசிமணி போனை வைத்துவிட்டுக் கோடவுனுக்கு நடந்தே வந்தாள். அங்கே மாலை, கொடி, மேளக்காரர் என்று ஊர்வலம் கிளம்பத் தயாராக நின்றது. அவள் சொன்னதைக் கேட்டு மயில்ராசு தலையில் கை வைத்தார்.

"அக்கா, இன்னைக்குப் பொட்டியத் தூக்குனா டெப்பாசிட்டு போச்சுங்!"

"தூக்காட்டி?" என்றார் சென்னியப்பன்.

"தூக்காட்டியும் போகும். ஆனா கொஞ்சம் கவுரவமாப் போகும்."

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். மஞ்சள் பூசிய வாசற்படி ஞாபகம் வந்தது. "நீ சொல்லு துளசி. இது உனக்காக ஆரம்பிச்சது."

அவள் மேளக்காரர்களைப் பார்த்தாள். நல்ல காரியத்துக்கு வாசிக்கிற மேளம் அவர்கள் வாசலில் நின்று எத்தனையோ காலம் ஆயிற்று.

"உங்கக்கா கத்துனத நானும் கேட்டனுங்" என்றாள். "அந்தப் புள்ளையும் அப்பிடிக் கத்தோணுமா? தார்ப்பாய எடுங்."

தட்டிகளை அவிழ்க்க நேரமில்லை. கைகூப்பிச் சிரிக்கும் தன் படங்களுக்கு நடுவே பெட்டியை ஏற்றிக்கொண்டு சென்னியப்பன் கிளம்பினார். முன்சீட்டில் துளசிமணி உட்கார்ந்துகொண்டாள். கடைவீதியில் அவருடைய ஊர்வலத்துக்காக நின்றிருந்த சொற்பக் கூட்டம் வண்டியைப் பார்த்துக் கையசைக்கப் போய், பெட்டியைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டது. புறவழிச்சாலையில் பறக்கும் படை மறித்தது.

"பெட்டிக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்லீங். குளிரு."

திறந்து காட்டினார். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, தட்டியில் இருந்த முகத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "நீங்க போங்க சார்" என்றார் மெதுவாக.

காரத்தோட்டத்தில் சிவசாமி தலையைக் குனிந்துகொண்டு வழி விட்டார். சென்னியப்பன் கொண்டுவந்திருந்த நீள ஒயரை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அங்கே பளபளவென்று புது பிளக் பாயிண்ட். பதினைந்து ஆம்பியர்.

"நீங்க வந்துட்டுப் போன அடுத்த நாளே ஆளக் கூப்புட்டு மாத்தச் சொல்லிட்டாருங்க" என்றாள் மரகதம். "நாங்க எவ்வளவோ சண்ட போட்டோம். கேக்கல."

சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பிளக்கைச் சொருகினார். பெட்டி சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தது. இத்தனை வருஷத் தொழிலில் எழவு வீட்டில் அவர் அழுதது அன்றைக்குத்தான். துளசிமணி பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மஸ்கட்டிலிருந்து வந்த மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. தூங்குகிறவரிடம் பேசுவதுபோல ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். சிவசாமி வந்து சென்னியப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சாகற வரைக்கும் மறக்க மாட்டனுங்ண்ணா" என்றார்.

ஓட்டு எண்ணிக்கையில் சென்னியப்பன், யாருக்கும் இல்லை என்கிற நோட்டாவுக்கு அடுத்த இடத்தில் வந்தார். "யாருக்கும் இல்லைங்கறவன்கிட்டயே தோத்துட்டேன் மயிலு" என்று அவரே சொல்லிச் சிரித்தார். துளசிமணி சிரிக்கவில்லை. ஆனால் வாசற்படி மஞ்சளை அவள் விடவில்லை. ஆறுக்குட்டியின் பேத்திக்கு, பெரியவர் இருக்கும்போதே பேசி முடித்தபடி, ஆவணியில் கல்யாணம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆடி கழிந்ததும் சிவசாமியும் மரகதமும் அழைப்பு வைக்க அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்று காலையிலிருந்தே துளசிமணி குளித்து, பூ வைத்து, புதுக் காப்பித்தூள் வாங்கி வைத்திருந்தாள். சென்னியப்பன் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது. "அவசியம் குடும்பத்தோட வந்துரோணுங்." அவள் பாலை அடுப்பில் வைத்தாள். செருப்புச் சத்தம் அவர்கள் வாசலுக்கு வந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு எதிர்வீட்டுக்குப் போயிற்று.

பால் பொங்கி வழிகிற வாசம் வந்தது. அடுப்பை அணைக்க அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் சிவசாமி தனியாகக் கோடவுனுக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்தார். அவரால் சென்னியப்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணா… சம்பந்தி ஊட்ல கூடவே ஆளு அனுப்பிச்சிருந்தாங்க. பொம்பளப் புள்ள விசயம்…"

"அட, எனக்குத் தெரியாதுங்களா? நானா இருந்தாலும் அப்பிடித்தான் பண்ணிருப்பேன்" என்றார் சென்னியப்பன். "அதும் இல்லாம அன்னைக்கு எனக்கு வெளியூர்ல ஆர்டரு இருக்குது. வந்திருக்கவே முடியாது. புள்ள நல்லாருக்கோணும், போங்."

எழவு எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே ஆர்டர் எடுக்கிற ஆள் உலகத்தில் கிடையாது. சிவசாமிக்கும் அது தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சென்னியப்பன் பாத்திரக்கடைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினார். வெற்றிலை, பாக்கு, இரண்டு சாத்துக்குடி, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமச்சிமிழ். எல்லாவற்றுக்கும் மேலே பத்திரிகையை வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினார்.

"சிவசாமி கோடவுனுக்கே வந்துட்டாப்ல. தட்டு வெச்சு, துளசியக்கா அவசியம் வரோணும்னு ரெண்டு தரம் சொன்னாப்ல. அவசரமாப் போறதால தட்டோட குடுத்துட்டுப் போயிட்டாப்ல."

அழைக்க வருகிறவர்கள் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுத் தட்டை அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள்; தட்டை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. அழைக்கப்பட்டு ரொம்ப காலம் ஆகிவிட்டதால் அவருக்கு அது மறந்துபோயிருந்தது.

துளசிமணி தட்டைப் பார்த்தாள். அதன் விளிம்பில் பாத்திரக்கடையின் விலைச்சீட்டு ஒட்டியபடி இருந்தது. அவரைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டு, முன்னால் வந்து, இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கினாள். சிமிழிலிருந்து குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"கண்டிப்பா வந்துர்றோம்னு சொன்னீங்ளா?"

"சொன்னேன். ஆனா அன்னைக்கு வெளியூர்ல…"

"ம்" என்றாள். "கூப்புட்டதே போதும்."

பழத்தையும் வெற்றிலையையும் எடுத்து உள்ளே வைத்தாள். தட்டைக் கழுவித் துடைத்தாள். வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பது முறையில்லை என்று சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி சர்க்கரை கொண்டுவந்து போட்டாள்.

"அவிய தட்டு. இன்னும் எத்தன ஊட்டுக்குப் போகோணுமோ. குடுத்துட்டு வந்துருங்."

சென்னியப்பன் தட்டை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். திரும்பிப் பார்த்தபோது அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தெருமுனை வரைக்கும் வேகமாக நடந்தார். அதற்கு அப்புறம் எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.